41 கோப்பு மாற்றி அனுப்பினேன், "பிரித்து அனுப்புங்கள்" என்று திரும்பி வந்துவிட்டது. எங்கே தவறினேன்?

கறவைக்கணக்கு (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

எங்க ஊர்ப் பால் சொசைட்டியில அம்மா கணக்கு எழுதறாங்க. காலையிலயும் சாயங்காலமும் பால் அளந்து, ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) பாத்து, உறுப்பினர் பேர்ல ஏத்தணும். அதுக்கு ஒரு திறந்த மூல மென்பொருள் வச்சிருக்கோம். ஆறேழு பேர் தன்னார்வமா பாத்துக்கற சின்னத் திட்டம், யாருக்கும் சம்பளம் கிடையாது. ரசீது தமிழ்லயும் மலையாளத்துலயும் அடிக்கும். எங்க எல்லைப்பக்கத்துக்கு அது பெரிய உதவி.

பிரச்சினை என்னன்னா, தேடற பெட்டியில "கொழிஞ்சாம்பாறை"ன்னு அடிச்சா உறுப்பினர்கள்ல பாதிப்பேர்தான் வருவாங்க. மீதிப்பேர் இருக்காங்க, ஆனா வரமாட்டாங்க. திரையில பாத்தா ரெண்டு பேர் முகவரியும் ஒரே எழுத்துதான். வரிசையில ஆள் கேனோட நிக்கும்போது அம்மா பழைய நோட்டைப் புரட்டித் தேடறதைப் பாத்துட்டு, நாமளே சரிபண்ணுவோம்னு இறங்கினேன். நான் ஒரு கம்பெனியில ஜாவா எழுதறவ, பைத்தான் ஓரளவு வரும்.

மூணு வாரம், ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து செஞ்சேன். தேடல் சரியாச்சு. கூடவே கோடு ரொம்பக் கசகசன்னு இருந்ததால இடைவெளியெல்லாம் ஒழுங்கு பண்ணினேன், புரியாத மாறிப் பெயர்களை மாத்தினேன், பழசாயிட்ட ஒரு லைப்ரரியையும் புதுசாக்கினேன். மொத்தம் 41 கோப்பு, 1,900 வரிக்குப் பக்கம். எல்லாத்தையும் ஒரே கமிட்டா, அதாவது ஒரே பதிவா, வச்சு பிஆர் (திட்டத்துல சேத்துக்கச் சொல்லி அனுப்பற கோரிக்கை) அனுப்பினேன். தலைப்பு "தேடல் சரிசெய்தல் மற்றும் மேம்பாடுகள்".

பதினோரு நாள் கழிச்சு ஒரே வரியில பதில்: "நன்றி. இதை இப்படியே படிக்க முடியவில்லை, பிரித்து அனுப்ப முடியுமா?" எனக்கு அழுகையே வந்திருச்சுங்க. வேலை செய்யற கோடு, ஓட்டிப் பாத்தா தெரியும். படிக்க முடியலன்னா என்ன அர்த்தம்? பிஆர் இணைப்பைக் கீழ குடுத்திருக்கேன். தப்பு என் பக்கம்னா சொல்லுங்க, திருத்திக்கறேன்.

மேட்டுப்பாதை (மூணாறு)

தங்கச்சி, "பிரித்து அனுப்ப முடியுமா" என்று கேட்டிருக்கிறார்கள் என்றால் உன் மாற்றம் அவர்களுக்கு வேண்டும் என்றுதான் அர்த்தம். வேண்டாதவர்கள் மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

நான் எஸ்டேட் கொழுந்து எடைக்கணக்குக்கான ஒரு திறந்த மூல நிரலை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். வருகிற பிஆரை நான் படிப்பது பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில். 60 வரி வந்தால் அன்றைக்கே படித்துப் பதில் எழுதிவிடுவேன். 1,900 வரி வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்குவேன், அந்த ஞாயிறு வராது. ஏன் படித்தே தீரவேண்டும் என்று கேட்டால், சேர்த்த பிறகு அது என் கோடு. நீ வேறு வேலைக்குப் போய்விடலாம். இரண்டு வருடம் கழித்து ஒரு தொழிலாளியின் எடையில் இரண்டு கிலோ குறைந்தால், அவர் என்னிடம்தான் கேட்பார்.

உன் பிஆரைத் திறந்து பார்த்தேன். தேடலின் நடத்தையை மாற்றுவது சுமார் 30 வரி. மீதி எல்லாம் இடைவெளி, பெயர், லைப்ரரி. மூட்டை அரிசியைக் கொட்டி, உள்ளே 30 கல் இருக்கிறது பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த 30 வரியை மட்டும் அனுப்பியிருந்தால் அன்றைக்கே சேர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இடைவெளி மாற்றம் யாருக்கும் தீங்கில்லை என்று தோன்றும், ஆனால் உண்டு. இதே நேரத்தில் வேறு நான்கு பேர் பிஆர் திறந்து வைத்திருந்தால் அத்தனையும் உன் மாற்றத்தோடு மோதி கான்ஃப்ளிக்ட் வரும். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தால் அந்த வரியை உண்மையில் எழுதியவர் மறைந்து, எல்லா வரியிலும் நீ நிற்பாய். இதில் பெரும்பகுதி நீ கையால் செய்ததாக இருக்காது, எடிட்டர் சேமிக்கும்போது தானாக அடுக்கியிருக்கும். இந்தத் திட்டத்துக்கு மட்டும் அதை அணைத்து வை. திட்டத்துக்கென்று ஃபார்மேட்டர் இருந்தால் அதைப் போடு, இல்லாவிட்டால் பக்கத்து வரி எப்படி இருக்கிறதோ அப்படி எழுது.

இன்னொரு காரணமும் உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. கிட் பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது. போன மாதம் சரியாக ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவே 1,000 கமிட் என்று வை. பாதியில் நின்று சோதித்து, அதில் பாதி, அதில் பாதி என்று போனால் பத்துத் தடவையில் குற்றவாளிக் கமிட் கையில் கிடைக்கும். ஆனால் கிடைத்த கமிட்டே 1,900 வரி என்றால், பத்துத் தடவை தேடியும் பழையபடி மூட்டை முன்னால்தான் நிற்கவேண்டும். அதனால் ஒரு கமிட்டில் ஒரு காரணம் இருக்கட்டும். ஒவ்வொரு கமிட்டிலும் நிரல் தானாக ஓடவும் வேண்டும்; நடுவில் ஒன்று உடைந்து கிடந்தால் பைசெக்ட் அங்கே தடுக்கி விழும்.

மூன்று வாரத்து உழைப்பு எங்கும் போகவில்லை. இந்தப் பிராஞ்சை (உன் மாற்றங்கள் இருக்கும் கிளையை) அப்படியே வைத்துக்கொள். மெயின் என்கிற முதன்மைக் கிளையிலிருந்து புதுப் பிராஞ்ச் எடு, பழையதிலிருந்து மாற்றங்களைக் கொண்டுவந்து, கிட் ஆட் -பி போட்டு, துண்டு துண்டாகக் காட்டும்போது தேடலுக்கு வேண்டியதை மட்டும் எடு. ஒரு சாயங்கால வேலை.

வாளையார் வண்டி (வாளையார்)

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க. லைப்ரரி மாத்தினது தனிப் பிஆர் மட்டும் இல்ல, தனிக் கேள்வி. அதை இஷ்யூவில (திட்டத்தோட கேள்விப் பக்கத்துல) கேட்டுட்டு அப்புறம் செய்யுங்க. ஏதோ ஒரு சொசைட்டியில பழைய கம்ப்யூட்டர்ல புது லைப்ரரி ஓடாமப் போகலாம். அது மெயின்டெய்னருக்கு, அதாவது திட்டத்தைப் பாத்துக்கறவருக்குத்தான் தெரியும்.

கறவைக்கணக்கு (கொழிஞ்சாம்பாறை)

அக்கா, படிச்சதும் மனசு லேசாச்சு. அந்தப் பக்கத்துல இருந்து நான் யோசிக்கவே இல்ல.

ஒரு சந்தேகமுங்க. மாறிப் பெயரெல்லாம் அ1, அ2ன்னு இருக்கு. அதைத் தொடாம என் 30 வரியை எழுதினா எனக்கே கூசுது. அதையும் விட்டுடணுமா?

மேட்டுப்பாதை (மூணாறு)

நீ தொடுகிற செயற்கூறுக்குள் மட்டும் பெயரை மாற்று, ஆனால் தனிக் கமிட்டாக, தேடல் கமிட்டுக்கு முன்னால். முதல் கமிட்டில் "பெயர் மட்டும் மாறுகிறது, நடத்தை மாறவில்லை" என்று எழுது. படிப்பவர் அதை அரை நிமிடத்தில் தாண்டிவிடுவார். இரண்டாவதில் உட்கார்ந்து யோசிப்பார். எதை எவ்வளவு கவனமாகப் படிக்கவேண்டும் என்று அவருக்கு நீ சொல்லிக்கொடுக்கிறாய்.

நகரித் தறி (நகரி)

நான் ஆந்திரா பக்கம், நகரி. வீட்டில் விசைத்தறி, நான் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன். எல்லாரும் கோடைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள், நான் கமிட் செய்தியைப் பற்றிச் சொல்கிறேன். இதில் நான் பட்டிருக்கிறேன்.

நான்கு வருடம் முன்பு ஒரு இடத்தில் பில் போடும் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிண்டருக்கு அனுப்புவதற்கு முன்னால் இரண்டு வினாடி காத்திருக்கச் சொல்லி ஒரு வரி. கமிட் செய்தியைப் பார்த்தால் "சரிசெய்தது" என்று ஒரே சொல். ஏன் காத்திருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. தேவையில்லாத வரி என்று எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பழைய மாடல் பிரிண்டர் வைத்திருந்த கடைகளில் பில் பாதியில் அறுந்து வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம். அந்த வரியை எழுதியவருக்குக் காரணம் தெரிந்திருந்தது, ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் எழுதும் முறை இது. முதல் வரி சின்னதாக, ஆங்கிலத்தில் என்றால் 50 எழுத்துக்குள். பிறகு ஒரு வெற்று வரி. அதன்பின் 72 எழுத்துக்கு ஒருமுறை மடித்து, பத்தியாக. எதை மாற்றினேன் என்பதை டிஃப் காட்டிவிடும், அதைத் திரும்ப எழுதுவதில்லை. ஏன் மாற்றினேன், வேறு எந்த வழியை யோசித்துக் கைவிட்டேன், எதில் சோதித்தேன் என்பதை எழுதுவேன். இந்த அக்காவின் மாற்றத்துக்கு நான் எழுதினால் இப்படி வரும்:

"தேடலில் கொ, கோ வகை எழுத்துகளை ஒன்றாகப் பொருத்து

ஒரே எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் சில உறுப்பினர்கள் தேடலில் வருவதில்லை. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். சேமித்த தரவு மாறாது. தரவையே மாற்றலாம் என்று யோசித்தோம். பழைய ரசீதுகளோடு பொருந்தாமல் போகும் என்பதால் இப்போது செய்யவில்லை."

மொழி எதுவானாலும் திட்டம் எதில் எழுதுகிறதோ அதில் எழுதுங்கள். "மற்றும் மேம்பாடுகள்" என்ற சொல் தலைப்பில் வந்தாலே அது இரண்டு கமிட் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஏலமலை (குமுளி)

எனக்கு முழுசா ஒப்புதல் இல்லை. துண்டு போடச் சொல்லுவது சுலபம். பெரிய மாற்றத்தை ஏழு பிஆரா அனுப்பி நான் அனுபவப்பட்டிருக்கேன். முதல் மூணைப் பார்த்த ரிவ்யூவர் "இது எதுக்கு?"ன்னு கேட்டார், ஏன்னா அதோட பயன் ஆறாவதுலதான் வரும். நாலாவதுல நிறுத்திட்டாங்க. இப்போ பாதி வீடு கட்டின மாதிரி அந்த மூணும் உள்ளே கிடக்குது, யாருக்கும் உதவியில்லை. முழுப்படம் தெரியாம ரிவ்யூ செய்யறதும் ஆபத்துதானே?

மேட்டுப்பாதை (மூணாறு)

நியாயமான பேச்சு அண்ணா. அப்படிப் பாதியில் நிற்பது பெரிய இழப்பு. எனக்குத் தெரிந்து அதற்கு மருந்து லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்களிடம் இருக்கிறது. அங்கே இன்றும் மாற்றங்கள் மின்னஞ்சலில் தொடராகத்தான் போகின்றன. ஐந்து பேட்ச் என்றால் 5-ல் 1, 5-ல் 2 என்று எண் போட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் 0 என்று ஒரு கடிதம். அதில் கோடே இருக்காது. எங்கே போகிறோம், ஏன், எந்தப் பேட்ச் எதைச் செய்கிறது என்பது மட்டும். முழுப்படமும் கிடைக்கிறது, துண்டும் சின்னதாக இருக்கிறது.

அதோடு, ஏழு பிஆர் அளவுக்கு வேலை என்றால் முதல் வரி எழுதும் முன்பே இஷ்யூ திறந்து "இப்படிச் செய்யப்போகிறேன், சம்மதமா" என்று கேட்டிருக்கவேண்டும். நீங்கள் கேட்டீர்களா?

ஏலமலை (குமுளி)

கேக்கலை. செஞ்சு காட்டினா புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன். அது என் பக்கத்துத் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரே பிஆருக்குள்ள ஏழு கமிட்டா அனுப்பறதுதான் சில நேரம் சரின்னு இன்னும் நினைக்கறேன்.

மேட்டுப்பாதை (மூணாறு)

அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. மெர்ஜ் செய்யும்போது எல்லாக் கமிட்டையும் ஒன்றாக நசுக்கிச் சேர்க்கும் வழக்கம் அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் ஏழும் ஒன்றாகிவிடும்.

சந்திப்பு (பாறசாலை)

கறவைக்கணக்கு, உங்க பிஆரை இப்பதான் திறந்து பாத்தேன். உடனே பாருங்க. டெஸ்டுக்குன்னு ஒரு கோப்பு சேத்திருக்கீங்களே, அதுல இருக்கிறது நிஜ உறுப்பினர் பட்டியலா? பேரு, வீட்டுப்பேரு, போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் மாதிரி ஒரு பத்தி. நிஜம்னா முதல்ல மேல குடுத்த இணைப்பை எடுத்துடுங்க.

கறவைக்கணக்கு (கொழிஞ்சாம்பாறை)

ஐயோ. நிஜந்தானுங்க. அம்மா கம்ப்யூட்டர்லருந்து எடுத்துச் சோதிச்சேன், அப்படியே சேந்து போயிருக்கு. 41 கோப்புல அதைக் கவனிக்கவே இல்ல. இணைப்பை எடுத்துட்டேன். இப்ப அந்தக் கோப்பை அழிச்சு ஒரு கமிட் போடட்டா?

சந்திப்பு (பாறசாலை)

அது போதாது. புதுக் கமிட்டுல அழிச்சாலும் பழைய கமிட்டுல அப்படியே இருக்கும், வரலாற்றைப் பாக்கறவங்க எடுத்துடலாம். பதறாம ஒவ்வொண்ணா செய்யுங்க.

முதல்ல மெயின்டெய்னருக்குத் தனியா எழுதுங்க, பொதுவுல வேண்டாம். யாராவது அந்தப் பிராஞ்சை இறக்கி வச்சிருந்தா நீக்கச் சொல்லணும். அடுத்து உங்க பிராஞ்சுலருந்தே அந்தக் கோப்பை வரலாறோட எடுக்கணும். ஒரே கமிட்தானே, அதைத் திருத்தி எழுதி ஃபோர்ஸ் புஷ் பண்ணினா (பழசுக்கு மேலயே ஏத்தினா) பிராஞ்சுல இருக்காது. பல கமிட்டுல பரவியிருந்தா கிட் ஃபில்டர்-ரெப்போன்னு கருவி இருக்கு. ஆனா அதுக்கப்புறமும் பழைய கமிட்டோட அடையாள எண் தெரிஞ்சவங்க கோடு வச்சிருக்கற தளத்துல திறந்து பாக்க முடியலாம், பிஆர் பக்கம் அதை நினைவுல வச்சிருக்கும். அதனால தளத்தோட உதவிப் பிரிவுக்கு எழுதி நீக்கக் கேளுங்க. கடைசியா சொசைட்டி செயலாளர்கிட்ட சொல்லிடுங்க. கஷ்டமான பேச்சுதான். ஆனா அது உறுப்பினர்களோட தகவல், என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்.

சின்னப் பிஆருக்கு இதுவும் ஒரு காரணமுன்னு எனக்குத் தோணுது. மூணு கோப்பு மாத்தியிருந்தா, அனுப்பறதுக்கு முன்னால நீங்களே பாத்திருப்பீங்க. நான் எப்பவும் பிஆர் திறந்ததும் ஒரு டீ குடிச்சுட்டு வந்து, வேற யாரோ அனுப்பினதுன்னு நினைச்சு முழு டிஃபையும் மேலருந்து கீழ வரைக்கும் படிப்பேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு மாட்டும். மறந்துபோன பிரிண்ட் வரி, என் கம்ப்யூட்டர் பாதை, இந்த மாதிரி.

கறவைக்கணக்கு (கொழிஞ்சாம்பாறை)

எல்லாம் செஞ்சுட்டேனுங்க. மெயின்டெய்னர் ஒரு மணி நேரத்துல பதில் போட்டார், ஒரு வார்த்தை திட்டலை. தளத்துக்கும் எழுதியாச்சு. செயலாளர் ஐயாகிட்ட நானும் அம்மாவும் நேர்ல போய்ச் சொன்னோம். அடுத்த கூட்டத்துல உறுப்பினர்களுக்குச் சொல்றேன்னார்.

இப்ப டெஸ்டுக்கு என்ன வைக்கறதுன்னு தெரியல.

சந்திப்பு (பாறசாலை)

ஊர்ப்பேரு வையுங்க! உங்க ஊர்ப்பேரே நல்ல டெஸ்ட். "கொ"வை ஒரே உயிர்க்குறியா சேமிக்கலாம், இல்ல "ெ", "ா" ரெண்டு குறியா பிரிச்சும் சேமிக்கலாம். திரையில ஒண்ணுதான். ஆனா எழுத்தைச் சேமிக்கற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், அதனால ஒண்ணு 6 பைட், இன்னொண்ணு 9 பைட். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற சொல்லு. பழைய எழுத்துருவுலருந்து மாத்தின தரவுல இது நிறைய வரும். யூனிகோடோட என்எஃப்சி முறையில (பிரிஞ்ச குறிகளை ஒண்ணாச் சேக்கற முறை) ஒழுங்கு பண்ணினா ரெண்டும் ஒண்ணாகும். ஒரே ஊர்ப்பேரை ரெண்டு விதமா வச்சு, "தேடினா ரெண்டும் வரணும்"னு டெஸ்ட் எழுதுங்க. உங்க மாற்றம் இல்லாம அந்த டெஸ்ட் தோக்கணும், மாற்றத்தோட ஜெயிக்கணும். தோக்கறதை முதல்ல கண்ணால பாத்துக்குங்க, இல்லன்னா டெஸ்ட் எதையும் சோதிக்கலைன்னு அர்த்தம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. என்எஃப்சி எல்லாத்தையும் சரிபண்ணாது. "ஔ"வுக்குப் பதிலா ஒ, ள ரெண்டையும் பக்கத்துல அடிச்சிருந்தா அது சேராது. ஸ்ரீயும் ரெண்டு விதமா எழுதப்படுது, அதுவும் சேராது. மலையாளத்துல சில்லெழுத்து (உயிர் சேராத மெய்க்கு வர்ற தனி வடிவம்) இன்னும் பெரிய விஷயம். 2008ல யூனிகோட் 5.1 வந்தப்பதான் சில்லுகளுக்குத் தனிக் குறி கிடைச்சுது. அதுக்கு முன்னால மெய்யும் சந்திரக்கலையும் (நம்ம புள்ளி மாதிரி) கண்ணுக்குத் தெரியாத இணைப்பானும் சேத்து எழுதுவாங்க. பழசும் புதுசும் என்எஃப்சியில ஒண்ணாகாது. சித்தூரை மலையாளத்துல எழுதிப் பாருங்க, கடைசி எழுத்தே சில்லுதான். இணைப்பானைத் தேவையில்லாததுன்னு மொத்தமா நீக்கினா பழைய முறையில எழுதின பேரெல்லாம் உருக்குலைஞ்சு போகும். அதனால அது தனி இஷ்யூ, தனிப் பிஆர். முதல் பிஆர்ல தொடவேண்டாம். தொடலைன்னு விளக்கத்துல எழுதிடுங்க.

முதல்வருடம் (தேவிகுளம்)

நான் கல்லூரி முதல் வருடம். என் அண்ணன்மார் எல்லாம் "ரீட்மீல (திட்டத்தோட அறிமுகக் கோப்பு) ஒரு எழுத்துப்பிழை திருத்தி அனுப்பு, ரெஸ்யூமேல போடலாம்" என்கிறார்கள். அது தவறா?

நகரித் தறி (நகரி)

நிஜமான பிழை என்றால் தவறே இல்லை தம்பி, பல பேருடைய முதல் கமிட் அதுதான். தேவையில்லாத இடத்தில் பிழை தேடிப் போவதுதான் தவறு. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறந்த மூல நிகழ்வில் நான்கு பிஆர் அனுப்பினால் டீஷர்ட் என்றிருந்தது. ரீட்மீயில் ஒரு சொல் சேர்த்து ஆயிரக்கணக்கானோர் அனுப்பத் தொடங்கி, மெயின்டெய்னர்கள் திணறிப்போனார்கள். அந்த மாதம் முடியும் முன்பே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்றவேண்டி வந்தது. அதில் நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் மாட்டிக்கொண்டார்கள், எனக்கு இன்றும் வருத்தம். நீ தினமும் பயன்படுத்தும் ஒரு நிரலை எடு. அதில் உன்னைத் தடுக்கும் ஒன்றைத் திருத்து. இந்த அக்கா தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம்.

ஏஐயிடம் கேட்டு வாங்கின கோடையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரிவ்யூவர் "இந்த வரி ஏன்?" என்று கேட்டால் உன் வாயால் பதில் வரவேண்டும். வராது என்றால் அந்த வரியை அனுப்பாதே.

வாளையார் வண்டி (வாளையார்)

"இந்த வரி ஏன்"னு சொன்னதும் எனக்கு டெபியன் (லினக்ஸ் வகையில ஒண்ணு) கதை ஞாபகம் வருது. 2006ல ஓபன்எஸ்எஸ்எல்ங்கற குறியாக்க நிரலோட கோடுல மெமரி சோதிக்கற கருவி ஒரு எச்சரிக்கை காட்டிட்டே இருந்துச்சு. டெபியன்ல அந்தப் பேக்கேஜைப் பாத்துக்கறவர் அதை நிறுத்த ரெண்டு வரியை எடுத்தார். அதுல ஒண்ணுதான் குறியாக்கச் சாவி உருவாக்கத் தேவையான சீரற்ற தன்மையை உள்ள சேக்கற வரி. அதுக்கப்புறம் உருவான சாவிகள்ல மாறினது ஓடற நிரலுக்குக் கம்ப்யூட்டர் தர்ற புராசஸ் எண் மட்டும், 32,768 வாய்ப்புதான். 2008 மே மாசம்தான் வெளிய வந்துச்சு. ரெண்டு வருஷம் டெபியன்லயும் உபுண்டுலயும் உருவான சாவியெல்லாம் ஊகிக்கக்கூடியதா இருந்துச்சு.

அவரு கேக்காமச் செஞ்சார்னு சொல்ல முடியாது, ஓபன்எஸ்எஸ்எல் மடற்குழுவுல கேட்டார். ஆனா மாற்றத்தை அங்கே பேட்சா அனுப்பிச் சேக்கல. டெபியன் பிரதியில மட்டும் நின்னுச்சு. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைச் சொன்னாப் புரியும். தமிழ்நாட்டு ஆளியாறுலருந்து தண்ணி மணக்கடவு தாண்டித்தான் கேரளத்துச் சித்தூர்ப்புழைக்கு வருது, வருஷத்துக்கு 7.25 டிஎம்சின்னு ஒப்பந்தம். மேல்மடையில என்ன நடக்குதுன்னு கீழ்மடைக்குத் தெரியணும், கீழ என்ன செய்யறோம்னு மேலயும் தெரியணும். கீழ்மடையில நாமளே ஒரு கல்லை நகத்திட்டு மேல சொல்லலைன்னா, அது தப்புன்னு சொல்லித்தர ஆள் இருக்காது. உங்க சொசைட்டி கம்ப்யூட்டர்ல மட்டும் சரிபண்ணி வச்சுக்காம மேல அனுப்பினீங்க பாருங்க, அதுக்காகவே பாராட்டணும்.

ஏலமலை (குமுளி)

அனுப்பின பிறகு பதினோரு நாள் காத்திருந்தது பத்தி யாரும் பேசலையே. எத்தனை நாள் பொறுக்கலாம்?

மேட்டுப்பாதை (மூணாறு)

ஒரு வாரம், பத்து நாள் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். "ஏதாவது மாற்றவேண்டுமா" என்று கேளுங்கள். அதற்கு மேல் நெருக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். 2024-ல் வெளிவந்த எக்ஸ்இசட் (கோப்பைச் சுருக்கும் நிரல்) விவகாரத்தில் நடந்தது அதுதான். தனியாக, களைத்துப்போயிருந்த ஒரு மெயின்டெய்னரைப் பல பெயர்களில் "ஏன் தாமதம்" என்று நெருக்கினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பேட்ச் அனுப்பி நம்பிக்கை பெற்ற ஒருவர் கையில் பொறுப்பு போனது. அவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். அந்த ஆண்டு மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அதை வெளியிட்டதால் பெரிய அழிவு தப்பியது. தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத்தான் அவர் தேடத் தொடங்கினார்.

பின்கதவு ஒளிந்திருந்தது டெஸ்ட் கோப்புகளுக்குள். அதனால் என் திட்டத்தில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன்: படிக்க முடியாத டெஸ்ட் கோப்பு வந்தால், அது எப்படி உருவானது என்ற நிரலும் கூட வரவேண்டும். அனுப்புபவர்களைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எனக்குப் பிறகு பார்க்கப்போகிறவருக்கும் அது வேண்டும்.

நகரித் தறி (நகரி)

கறவைக்கணக்கு அக்கா, இன்னொன்று. கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்றீர்கள். வீட்டில் எழுதும் கோடு யாருக்குச் சொந்தம் என்று வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சில திட்டங்கள் கமிட்டின் கடைசியில் சைன்ட்-ஆஃப்-பை வரி கேட்கும், கெர்னலில் 2004 முதல் இருக்கிறது. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உங்கள் பெயரால் நீங்கள் கொடுக்கும் வாக்கு அது.

கறவைக்கணக்கு (கொழிஞ்சாம்பாறை)

ஒரு மாசம் கழிச்சு எழுதறேனுங்க. ஒப்பந்தம் பாத்தேன், எச்ஆர்கிட்டயும் எழுதிக் கேட்டுக்கிட்டேன், தடையில்ல.

பழைய பிஆரை நானே மூடிட்டேன். தளத்துக்காரங்களும் அந்தக் கமிட்டை நீக்கிட்டதா பதில் போட்டாங்க. புதுசா முதல் பிஆர்: ரெண்டு கமிட், கோடு 34 வரி, டெஸ்ட் 22 வரி, எல்லாம் ஊர்ப்பேரு. கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், பொள்ளாச்சி. மறுநாள் காலையில ரெண்டு கேள்வி வந்துச்சு. ஒண்ணு, ஆயிரம் உறுப்பினர் இருந்தா ஒவ்வொரு தேடலுக்கும் எல்லாப் பேரையும் ஒழுங்கு பண்றது மெதுவாகாதான்னு. அளந்து பாத்து எண்ணைப் போட்டேன், அம்மாவோட பழைய கம்ப்யூட்டர்லயே கண்ணுக்குத் தெரியற தாமதம் இல்ல. இன்னொண்ணு எனக்குத் தோணாத விஷயம்: தேடற பெட்டியில அடிக்கறதையும் ஒழுங்கு பண்ணணும்ல, தரவை மட்டும் பண்ணியிருக்கேனே. அவர் சொன்னது சரி. திருத்திட்டு, பழைய கமிட்டை மாத்தாம மேல புதுக் கமிட்டாப் போட்டேன், அவர் பாத்ததுலருந்து என்ன மாறுச்சுன்னு தெரியணும்ல. சேத்துட்டாங்க.

லைப்ரரி விஷயத்தை இஷ்யூவா கேட்டேன். ரெண்டு சொசைட்டியில இன்னும் விண்டோஸ் 7 ஓடுது, அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொன்னாங்க. இடைவெளி ஒழுங்கை விட்டுட்டேன்.

நேத்து அம்மா "கொழி"ன்னு அடிச்சதும் எல்லாரும் வந்தாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல, நோட்டை எடுத்து மேசை டிராயர்ல வச்சாங்க.

இப்ப சில்லெழுத்து. இஷ்யூ திறந்திருக்கேன், "இப்படிச் செய்யலாமா"ன்னு மட்டும் கேட்டிருக்கேன், ஒரு வரி கோடும் எழுதல. எனக்கு மலையாளம் பேச வரும், எழுதப் படிக்க அவ்வளவு வராது. பாறசாலை அண்ணா, டெஸ்டுக்கு வேண்டிய ஊர்ப்பேரை ரெண்டு முறையிலயும் எழுதித் தர முடியுமா?

சந்திப்பு (பாறசாலை)

தர்றேன். சித்தூர், வாளையார், தத்தமங்கலம், இன்னும் பத்துப் பேர் எடுக்கறேன். தத்தமங்கலத்துல சில்லு இல்ல, அதையும் வையுங்க. சில்லு இல்லாத பேரு உங்க மாற்றத்தால மாறாம இருக்கான்னும் டெஸ்ட் பாக்கணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இஷ்யூவுலயே போட்டுடறேன்.